மீட்டரில் 80, காற்றில் 120

ஆடி பிறந்து நாலாவது நாள் சித்தி மகன் தன் வண்டியைக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தினான். நாகர்கோவில் வடசேரியில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். எந்த வண்டி வந்தாலும் என் கண் முதலில் டயருக்குத்தான் போகும். அன்றைக்குப் போகவில்லை. வெள்ளி நிறத்தில் பழைய ஹோண்டா சிட்டி. அதன் டிக்கி மேல் இரண்டு அலுமினியக் கால்கள். கால்களின் மேல் நாலடி நீளத்துக்கு ஒரு கறுப்பு இறக்கை.

“அண்ணே, எப்பிடி இருக்கு?”

“என்னத்துக்குடே இது?”

“கிரிப்புக்கு. ஸ்பீடா போகும்போ பின்பக்கத்த அமத்திப் பிடிக்கும்லா.”

“எவ்வளவு அமத்தும்?”

அவனிடம் பதிலில்லை. கேட்ட என்னிடமும் அந்த நிமிஷத்தில் ஒரு எண் இல்லை. ஆனால் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. அடுத்த மூன்று வாரம் சாப்பாட்டு இலையிலும் கடை வாசலிலும் ஆரல்வாய்மொழி ரோட்டிலும் எங்களுக்குள் இதே பேச்சுதான்.

ஸ்பாய்லர் என்றாலே ‘சும்மா ஷோவுக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. மாட்டிவிட்டால் வண்டி ரேஸ் கார் ஆகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகாது. காற்று என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாமே என்பதுதான் என் கட்சி. அதிலும் நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு காற்றைப் பார்க்காமல் பேசுவது, மீன் சந்தைக்குள் நின்றுகொண்டு மீனைப் பார்க்காமல் விலை பேசுவது போல.

என் தொழிலிலிருந்து ஒரு கணக்கு சொல்கிறேன். 1,100 கிலோ வண்டி என்றால் ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 275 கிலோ. டயரில் 32 பௌண்ட் காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்குவதற்குத் தரையைத் தொட வேண்டிய பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர். 11 சென்டிமீட்டருக்கு 11 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் உள்ளங்கை. பிரேக் பிடித்தால் நிற்பதும், வளைத்தால் வளைவதும், மழையில் வழுக்காமல் இருப்பதும் இந்த நாலு உள்ளங்கைகளால்தான். வண்டிக்கு மேலே யார் எதை மாட்டிக்கொண்டு வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றே: இந்த நாலு இடத்தில் அது எத்தனை கிலோவைக் கூட்டுகிறது, எத்தனை கிலோவைக் குறைக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தோவாளையில் அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார், 20 வருஷத்துக்கு மேலாக. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து அந்த இடுக்கில் நெருங்கி நுழைந்து, வேகம் கூடி அந்தப் பக்கம் வெளியேறும். அந்த வாசலில்தான் முப்பந்தல். சுமார் 1,500 மெகாவாட் அளவுக்கு அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதம் அங்கே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால், கதவைக் கையால் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

தீயல் ஊற்றிப் பிசைந்துகொண்டே தம்பி பாலிடெக்னிக்கில் படித்ததைச் சொன்னான். இறக்கையின் ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் நேர். வளைவான பக்கத்தில் தூரம் அதிகம். முன்னால் இரண்டாகப் பிரிந்த காற்று பின்னால் ஒரே நேரத்தில் சேர வேண்டும். அதனால் வளைந்த பக்கத்துக் காற்று வேகமாக ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, தூக்குகிறது. காரின் கூரையும் அப்படித்தான் வளைவு. அதனால் கார் மேலே தூக்கும். இறக்கையைக் கவிழ்த்து மாட்டினால் கீழே அமத்தும்.

“சேரணும்னு யாரு மக்கா சட்டம் போட்டா?” என்றார் அத்தான். “பிரிஞ்ச காத்து பின்னால வந்து பாக்கலாம்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிவச்சுட்டா போகுது?”

இந்த இடத்தில் நான் முழுக்க அத்தான் கட்சி. ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பது பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிற தப்பு. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டு விட்டு அனுப்பிப் பார்த்தால், மேலே போகிற புகை கீழே போவதை முந்திக்கொண்டு போய்விடுவது தெரியும். இரண்டும் மறுபடி சந்திப்பதே இல்லை. விமானம் தலைகீழாகவும் பறக்கிறது. தட்டையான பலகை கூட, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தூக்குகிறது. பஸ் ஜன்னலில் கையை நீட்டி, உள்ளங்கையைச் சாய்த்து, கண்டக்டரிடம் ஏச்சு வாங்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? கைக்கு மேல்பக்கம் தூரம் கூடவா இருந்தது?

சரி, அப்படியானால் எது தூக்குகிறது? எனக்குப் புரிந்த விதம் இது. ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றினால், அது வட்டத்தில் போவதற்குக் கயிறு அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுப்பு இல்லையென்றால் கல் நேராகப் போய்விடும். காற்றும் அப்படித்தான். முன் கண்ணாடியில் ஏறி, கூரையைத் தாண்டி, பின் கண்ணாடிச் சரிவில் இறங்குகிற காற்று வளைந்து போகிறது. அது வளைய வேண்டுமானால் யாரோ அதைக் கூரைப் பக்கம் தள்ள வேண்டும். தள்ளுவது வெளியே இருக்கிற காற்று மண்டலத்தின் அழுத்தம். அது உள்ளே தள்ள முடிகிறது என்றாலே, கூரையை ஒட்டி அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். மேலே அழுத்தம் குறைவு, வண்டிக்கு அடியில் அவ்வளவு குறைவு இல்லை. அந்த வித்தியாசம்தான் வண்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப் பார்க்கிறது. எவ்வளவு அழகாக, வழுவழுவென்று பின்னால் சரிகிறதோ அவ்வளவுக்குக் காற்று ஒட்டிக்கொண்டு வளையும். அவ்வளவுக்குப் பின்பக்கம் தூக்கும். அழகுக்கும் பிடிப்புக்கும் இந்த இடத்தில் ஒரு தகராறு உண்டு.

“அப்போ போர்ஷேக்காரன்?” என்றான் தம்பி. அவன் கேட்டது நியாயமான கேள்வி.

போர்ஷே 911 என்கிற ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நல்ல உதாரணம். என்ஜினே பின் சக்கரங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது; எடை பின்னால் குவிந்திருக்கிறது. ஆனால் உருவம் தவளை முதுகு மாதிரி இறங்குகிறது. வேகம் ஏறினால் பின்பக்கம் லேசாகும். எடையுள்ள முனை லேசானால், வளைவில் அது வெளியே ஓடப் பார்க்கும். 1972-இல் வந்த கரேரா ஆர்எஸ் 2.7 என்கிற 911-இல் டிக்கி மூடி மாதிரி இருக்கிற என்ஜின் மூடியின் விளிம்பை மேல்நோக்கி மடித்து விட்டார்கள். பார்க்க வாத்தின் வால் போல இருந்ததால் அதற்கு அதே பேர் நின்றுவிட்டது. பந்தய விதிக்காக 500 வண்டி விற்றால் போதும் என்று ஆரம்பித்தது, கடைசியில் 1,580 வண்டி செய்தார்கள்.

அந்த வாத்து வால் இறக்கை கிடையாது என்பதைத் தம்பிக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. இறக்கை என்றால் இரண்டு பக்கமும் சுத்தமான காற்று ஓட வேண்டும். அது காற்றை மேலே திருப்பி விட்டுத் தான் கீழே அமுங்கும். ஸ்பாய்லர் என்றால் கெடுப்பது. சரிவில் வளைந்து இறங்கப் போகிற காற்றை ‘இறங்காதே’ என்று தடுத்து மேலே விடுகிற சின்ன அணை. அணைக்கு முன்னால் தண்ணீர் தேங்குவது போல, அந்த விளிம்புக்கு முன்னால் அழுத்தம் கூடும். கூரைச் சரிவு செய்த கெடுதலைக் குறைப்பது அதன் வேலை. கடைக்காரர்கள் இரண்டையும் ஸ்பாய்லர் என்றே விற்கிறார்கள். பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது.

1989-இல் வந்த 911-இல் வால் உள்ளே படுத்துக் கிடக்கும். 80 கிலோமீட்டர் வேகம் வந்ததும் தானாக எழும்பும். நிற்கிற வண்டிக்கு வால் தேவையில்லை என்று செய்தவர்களே சொன்ன மாதிரி. இதைக் கேட்டதும் தம்பி பிடித்துக்கொண்டான்: “பாத்தீங்களா, 80-லயே வேல செய்யுது!” எழும்புவது 80-இல். எழும்பினதற்கான முழு அர்த்தம் வருவது அதற்கு மேலே, ஆட்டோபான் என்கிற ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் போகிற வேகத்தில்.

ஆட்டோபான் என்றதும் ஆடி (Audi) கம்பெனியின் டிடி ஞாபகம் வருகிறது. 1998-இல் விற்பனைக்கு வந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். முன்னும் பின்னும் உருண்டு திரண்ட வடிவம், வால் கிடையாது. எனக்கு இன்றைக்கும் அந்த உருவத்தின் மேல் ஆசை உண்டு. ஆனால் 180-க்கு மேல் போகும்போது, திடீரென்று லேன் மாறினாலோ வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ பின்பக்கம் பிடி விட்டது. விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. அதன் பிறகு விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, டிக்கி விளிம்பில் ஒரு சின்ன வாலும், சறுக்கலைத் தடுக்கிற மின்னணு ஏற்பாடும் சேர்த்தார்கள், சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். இரண்டு விரல் உயர விளிம்பு. ஷோவுக்கு என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். தூக்கலை மறந்தால் எது வரைக்கும் போகும் என்பதற்கு 1999 லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் இருக்கிறது. முன்னால் போன வண்டியின் பின்னால், ரோட்டின் மேட்டில் ஏறி இறங்குகையில் முன்மூக்கு தூக்கி, அடியில் காற்று புகுந்து, வண்டி அப்படியே வானத்தில் கரணம் போட்டது. அந்த வார இறுதியில் மட்டும் மூன்று தடவை. ஓட்டினவர்கள் உயிரோடு தப்பினார்கள்.

இதையெல்லாம் பேசி முடித்தபோது அக்கா இலையை எடுத்துவிட்டாள். “எனக்க வண்டிக்கு எவ்வளவு?” என்று தம்பி திரும்பவும் முதல் கேள்விக்கே வந்தான்.

கணக்குப் போட்டோம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகம் இரண்டு மடங்கு, விசை நாலு மடங்கு. வண்டியை நேர் முன்னால் நின்று பார்த்தால் தெரிகிற பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். வண்டியின் உருவம் எவ்வளவு தூக்கும் என்று காட்டுகிற தூக்கல் எண்ணைத் தோராயமாக 0.2 என்று எடுத்துக்கொண்டேன். வண்டிக்கு வண்டி இது மாறும். அப்படிப் பார்த்தால் 40-இல் போகும்போது மொத்தத் தூக்கல் 3 கிலோ. 80-இல் 12 கிலோ. 120-இல் 27, கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி. 160-இல் 48. 200-இல் 75 கிலோ, ஓர் ஆள். டிடி ஓட்டினவர்களுக்கு நடந்தது எந்த எண்ணில் என்று இப்போது தெரிகிறது அல்லவா? நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் போகிற ரோட்டில் 12 கிலோ என்பது பின் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பை இரண்டு.

அடுத்தது அவன் இறக்கை. நாலடி நீளம், அரையடி அகலம், சுமார் 0.19 சதுர மீட்டர். சுத்தமான காற்று கிடைத்தால் 80-இல் 4 கிலோ அமத்தும். 120-இல் 9 கிலோ வரலாம். இதிலும் ஒரு சங்கதி உண்டு. இறக்கை இருப்பது பின் சக்கரத்துக்கும் பின்னால். சீசா பலகையின் வெளிமுனையில் உட்காருகிற மாதிரி, பின்பக்கத்தை அமத்தினால் முன்பக்கம் கொஞ்சம் எழும்பும். 10 கிலோ அமத்தினால் பின் சக்கரங்களுக்கு 13 கூடும், முன் சக்கரங்களிலிருந்து 3 கழியும். அவன் வண்டியில் இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்கள். என் நாலு உள்ளங்கைக் கணக்கு இதற்காகத்தான்.

“‘சுத்தமான காத்து கெடச்சா’ன்னு சொல்லுதீங்கல்லா? கெடைக்கும்னு நான் சொல்லுகேன்,” என்றான்.

“பாத்துரலாம்டே,” என்றார் அத்தான்.

பந்தயக்காரர்களும் கார் கம்பெனிக்காரர்களும் பல காலமாகச் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது. சிறு சிறு நூல்களை வண்டி முழுக்க ஒட்டி, ஓட்டிப் பார்ப்பது. காற்று ஒட்டிப் போகிற இடத்தில் நூல் வாரின முடி மாதிரி படிந்திருக்கும். காற்று பிடி விட்ட இடத்தில் நூல் ஆடும், சுழலும். செலவு நூலும் டேப்பும் மட்டும்.

தோவாளையில் நாருக்குப் பஞ்சமில்லை. பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரைத்தான் முதலில் கிழித்து ஒட்டினோம். காய்ந்ததும் விறைத்துக்கொண்டு குச்சி மாதிரி நின்றது. தையல் நூல் மெலிசு, வீடியோவில் தெரியவில்லை. கடைசியில் வடசேரி பேன்சி கடையில் சிவப்புக் கம்பளி நூல் உருண்டை வாங்கிவந்து, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற காகித டேப்பால் ஒட்டினோம். கூரையில், பின் கண்ணாடியில், டிக்கி மேல், இறக்கையின் மேலும் கீழும், மொத்தம் 96 நூல். அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் வரிசை பிடித்து ஒட்டினார்கள். வெள்ளி வண்டிக்குச் சிவப்பு மயிர் முளைத்த மாதிரி இருந்தது.

இனிதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். 120-இல் சோதிக்க வேண்டும் என்றான் தம்பி. ரோட்டில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அப்போது அத்தான் சொன்னார்: “எதுக்கு 120-ல போகணும்? காத்த 120-ல வரச் சொன்னா போதும்லா?”

ஆடிக் காற்று கணவாய்க்குள் மேற்கேயிருந்து கிழக்கே போகிறது. ஆரல்வாய்மொழியிலிருந்து முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு போகிற ரோடும் ஏறத்தாழ அதே திசை. சாயங்காலம் நாலு மணிக்கு ரோட்டோரம் நின்று அத்தான் கைக் காற்றுமானியைப் பிடித்தார். விநாடிக்கு 11 மீட்டர் காட்டியது. மணிக்கு 40 கிலோமீட்டர். காவல்கிணறு நோக்கிப் போகும்போது காற்று முதுகில். மீட்டரில் 80 இருந்தாலும் வண்டிக்குத் தெரிகிற காற்று 40 மட்டும். திரும்பி வரும்போது காற்று முகத்தில்: 80-ம் 40-ம் சேர்ந்து 120. காற்றுக்கு நம் மீட்டர் தெரியாது. ஒரே ரோடு, ஒரே வேகம், போக வர விசையில் ஒன்பது மடங்கு வித்தியாசம்! வருஷத்தில் இத்தனை தடவை அந்த ரோட்டில் போய் வந்திருக்கிறேன். வரும்போது பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறதே என்று பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கை இப்படி யோசித்ததில்லை.

தம்பி சிட்டியை ஓட்டினான். அத்தான் தன் வண்டியில் பக்கத்து லேனில், கொஞ்சம் பின்னால். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் பிடித்தேன். போகிற வழியில் நூல்கள் சோம்பலாக இருந்தன. கூரையில் இருந்தவை மட்டும் பின்னால் படிந்தன. காவல்கிணற்றில் திரும்பினோம்.

முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு வருகையில் கூரை நூல் அத்தனையும் சீப்பு போட்டு வாரின மாதிரி விறைத்துப் பின்னால் நின்றன. பின் கண்ணாடியின் மேல்பாதியிலும் அப்படியே. பாதிக்குக் கீழே வந்ததும் நடுங்கின. இன்னும் கீழே, கண்ணாடியும் டிக்கியும் சேருகிற மடிப்பில், நூல்கள் சுழன்றன. டிக்கியின் நடுவில் ஒட்டின நாலைந்து நூல், பின்னால் போகாமல் முன்பக்கம், டிரைவர் இருக்கிற பக்கம் பார்த்துப் படுத்துக் கிடந்தன. 120-இல் எதிர்க்காற்று அடிக்கிறது, அந்த இடத்தில் மட்டும் காற்று முன்னோக்கி ஓடுகிறது! ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுழலுமே, அது மாதிரி. போனைப் பிடித்திருந்த கை கொஞ்ச நேரம் நடுங்கியது எனக்கு. கண்ணால் பார்க்க முடியாத ஒன்று அங்கே சிவப்பு நூலில் எழுதிக்காட்டிக்கொண்டிருந்தது.

இறக்கை? இரண்டு ஓரங்களிலும் நூல்கள் நன்றாகப் படிந்திருந்தன. நடு இரண்டடி, சரியாக அந்தச் சுழலுக்குள் இருந்தது. கீழ்ப்பக்க நூல்கள் ஒரு திசையில் நிற்கவேயில்லை. ஓரங்களுக்குச் சுத்தமான காற்று, நடுவுக்குக் கலங்கின காற்று. ரேஸ் வண்டிகளில் இறக்கையைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைப்பது எதற்கு என்று தம்பிக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்.

பின்பக்கச் சரிவின் கோணம் இதில் எவ்வளவு முக்கியம் என்று 1984-இலேயே ஜெர்மனியில் எஸ். ஆர். அகமது என்பவரும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். கார் மாதிரி ஓர் எளிய பெட்டி. பின் சரிவை மட்டும் மாற்றி மாற்றிக் காற்றில் வைத்தார்கள். சரிவு 30 டிகிரியை நெருங்கும் வரை காற்று எப்படியோ ஒட்டிக்கொள்கிறது. இரண்டு ஓரங்களிலும் முறுக்கின கயிறு மாதிரி சுழல்கள் உண்டாகி, வண்டியைப் பின்னால் இழுக்கிற இழுவையும் தூக்கலும் ஏறுகின்றன. 30-ஐத் தாண்டினதும் மொத்தமாகப் பிடி விட்டுவிடுகிறது. இழுவை திடீரென்று குறைகிறது. அந்தப் பெட்டி இன்றைக்கும் அவர் பேரில்தான் உலகம் முழுக்க வழங்குகிறது. அத்தானுக்கு இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. காற்றாலை இறக்கையும் அதே பாடுதான் என்றார். முன் விளிம்பில் பூச்சியும் தூசியும் அப்பிக்கொண்டால், காற்று சீக்கிரமே பிடி விட்டுவிடும். நல்ல காற்று அடித்தும் கரண்டு குறையும். மழை பெய்து கழுவின மறுநாள் எண்ணைப் பார்த்தாலே தெரியுமாம்.

இதற்கு நடுவில், பக்கக் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ரோடுகளில் உண்மையான ஆபத்து அதில்தான். காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரி இறங்குகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் அதே மேற்குக் காற்று விலாவில் அடிக்கும். 80-இல் போகிற வண்டிக்கு 40-இல் பக்கக் காற்று என்றால், இரண்டும் சேர்ந்து மூக்கிலிருந்து 26, 27 டிகிரி சாய்ந்து வருகிற காற்றாகத் தெரியும். அந்த விசை வண்டியின் எடை மையத்துக்கு முன்னால் பிடிப்பதால் மூக்கைத் தள்ளும். பின்னால் பரப்பு அதிகமிருந்தால் அம்பின் இறகு மாதிரி நேராக்கப் பார்க்கும். லெ மான் பந்தய வண்டிகளில் 2011 முதல் முதுகில் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பலகையைக் கட்டாயமாக்கினதும், வண்டி பக்கவாட்டில் திரும்பி மேலே எழும்பிவிடாமல் தடுக்கத்தான். தம்பி மாட்டின மாதிரிப் படுக்கை இறக்கை இதற்கு உதவாது. லாரியின் மறைவில் போய்க்கொண்டிருந்து திடீரென்று வெளியே வரும்போதுதான் தூக்கி அடிக்கும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதும் இரண்டு கையால் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதும் தவிர வேறு உபகரணம் கிடையாது.

ஆடியில் என் கடைக்கு, “வண்டி ஒரு பக்கமா இழுக்கு” என்று வருகிறவர்கள் கூடுவார்கள். மெஷினில் ஏற்றுவதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: போகும்போது எந்தப் பக்கம் இழுத்தது, வரும்போது எந்தப் பக்கம்? இரண்டு தடவையும் ஒரே பக்கம் என்றால் அலைன்மென்டோ, டயரோ, ரோட்டுச் சரிவோ. போகும்போது இடம், வரும்போது வலம் என்றால் அது காற்று. காசு வாங்காமல் அனுப்பிவிடுவேன்.

அடுத்த வாரம் தம்பி தானாகவே வந்தான். இறக்கையைக் கழற்றினோம். மாட்டிக்கொடுத்த கடைக்காரர் டிக்கி மூடியில் நாலு ஓட்டை போட்டிருந்தார். வெட்டின விளிம்பில் ஒரு சொட்டு பெயின்ட் கூட வைக்கவில்லை. வாஷரும் சரியாக உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் நாலு ஓட்டையைச் சுற்றியும் துரு வளையம். உள்ளே ஸ்டெப்னி குழியில் அரைக் குவளைத் தண்ணீர். எனக்கு இது ஆறவேயில்லை. ஏரோடைனமிக்ஸ் தெரியாமல் இருக்கலாம். தகரத்தில் ஓட்டை போட்டால் அடைக்க வேண்டும் என்று தெரியாமல் இருக்கலாமா? உப்புக்காற்று அடிக்கிற மாவட்டம் இது. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, ரப்பர் அடைப்பு வைத்தேன்.

கழற்றின இறக்கையைத் தோவாளைக்கு எடுத்துப்போய்ப் பூக்கடைத் தராசில் வைத்தான் தம்பி. பிச்சிப்பூ நிறுத்துக்கொண்டிருந்த தட்டில் இறக்கை, கால், போல்ட் எல்லாம் சேர்த்து 3 கிலோ 900. சுத்தமான காற்றிலேயே 80-க்கு 4 கிலோ என்று போட்ட கணக்கு இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அவன் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, டிக்கி விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் ரப்பர் பட்டை ஒட்டினால் அந்தத் திரும்பு காற்று மாறுமா என்று கேட்டான். மாறலாம், டேப்பில் ஒட்டிப் பார்க்கலாம், ஓட்டை போடாமல், என்றேன். நூலைப் பிய்க்க வேண்டாம் என்று அப்படியே வைத்துக்கொண்டான்.

ரப்பர் பட்டை வாங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை சாயங்காலம் குழித்துறையிலிருந்து கூப்பிட்டான். வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுப் பேசுவதாக முதலிலேயே சொன்னான். பின்னால் மழைச் சத்தம்.

“அண்ணே, நூலெல்லாம் நனஞ்சு ஒட்டிப்போச்சு. ஆனா தக்கலை தாண்டி வரும்போ கண்ணாடியில பாத்தேன். பின் கண்ணாடிக்க மேல்பாதியில தண்ணி கீழ ஓடுது. கீழ்ப்பாதியில துளியெல்லாம் மேல ஏறுதுண்ணே. நூல் சுத்தின அதே எடத்துல.”